பட்டறையில் கொப்பளித்த கஷாயம்

என் மனைவி தனியார் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், சேலம் கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக விற்கும் வாய் கொப்பளிக்கும் பொடி. அதைப் பாட்டிலில் அடைக்கக்கூடிய மவுத்வாஷாக ஆக்க முடியுமா, ஆக்கினால் வாயில் இருக்கும் கிருமிகளை அது உண்மையிலேயே குறைக்குமா என்பதுதான் கேள்வி. நான் நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியர். எனக்கு வேலை மாலையில்தான் தொடங்கும். பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவன் என்பதால் அந்த ஆராய்ச்சிக்கு வண்டி ஓட்டும் பொறுப்பு எனக்கு வந்தது.

பொடியில் இருந்தவை கருவேலம்பட்டை, கடுக்காய்த் தோல், மாசிக்காய், கிராம்பு, கொஞ்சம் படிகாரம். தண்ணீரில் போட்டுச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, ஆறியதும் கொப்பளிக்க வேண்டும். எங்கள் அம்மாபேட்டைப் பக்கத்தில் பல் பிடுங்கியவர்களும் ஈறு வீங்கியவர்களும் இதை வாங்குவார்கள். கடைக்காரர் எங்கள் வயதுக்காரர். வீதியில் எல்லோருக்கும் அவர் பாய். என் மனைவி ஆராய்ச்சி என்று சொன்னபோதும் அவர் தராசிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எதுக்கும்மா இதெல்லாம்? கேக்கறவங்க கேக்கறாங்க, குடுக்கறோம். இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்ல."

"சண்டை போடலங்கறது ஆதாரம் ஆகாது பாய்."

"அப்ப சண்டை போட்டாத்தான் ஆதாரமா?"

கொஞ்சம் பேசிய பிறகு ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை வைத்தார். பொடி நல்லது என்று வந்தால் அதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிக்கொள்வார்.

"நல்லதில்லன்னு வந்தா?" என்றாள்.

"அப்ப நீங்க பக்கத்துக் கடையில வாங்கினீங்க."

படிகாரத்தை அவள் நீக்கிவிட்டாள். அது உப்பு; அதன் வேலையும் பட்டையின் வேலையும் கலந்துவிடும் என்றாள். படிகாரம் இல்லாவிட்டால் அது தன் பொட்டலமே இல்லை என்பது பாயின் கட்சி. இரண்டு பேரும் கடைசி வரை அவரவர் கட்சியிலேயே இருந்தார்கள்.

முதல் சோதனை கல்லூரிச் சோதனைக்கூடத்தில் நடந்தது. மூடி போட்ட சிறிய கண்ணாடித் தட்டில் கடற்பாசிக் கூழை ஊற்றி உறைய வைத்து, அதன்மேல் பல்லைச் சொத்தையாக்கும் கிருமியைத் தடவி, நடுவே குழி வெட்டிக் கஷாயத்தை விட வேண்டும். தட்டைச் சூடான பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் கூழின்மேல் கிருமி படர்ந்து மங்கலாக இருக்கும். கஷாயம் வேலை செய்திருந்தால் குழியைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம் தெரியும். அவள் தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். வளையம் இருந்தது. வெறும் தண்ணீர் விட்ட குழியைச் சுற்றி எதுவும் இல்லை. அளவுகோலை வைத்து அளந்தாள், எழுதிக்கொண்டாள். சந்தோஷப்பட்ட மாதிரித் தெரியவில்லை. தட்டில் சாகிறது வாயில் சாக வேண்டும் என்று கட்டாயமில்லை, வாயில் எச்சில் இருக்கிறது, சோறு இருக்கிறது, நாள் முழுக்கப் பேச்சு இருக்கிறது என்றாள்.

வாயில் சோதிக்கும் முன்பே பாட்டில் பிரச்சினை வந்தது. கஷாயத்தைப் பாட்டிலில் அடைத்து எங்கள் சமையலறை அலமாரியில் வைத்திருந்தாள், எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க. ஒரு நாள் நான் காபிப் பொடி எடுக்கப்போனபோது பாட்டிலின் கழுத்தில் வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. பூஞ்சை. வாயிலுள்ள கிருமியைக் கொல்லும் தண்ணீரில் பூஞ்சை குடியேறிவிட்டது. அவளுடைய அண்ணன் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மிணி, இதக் கொப்பளிச்சா வாய்க்குள்ள காளான் மொளைக்குமா?"

"கிண்டல் பண்ணாதண்ணா."

"கிண்டலில்ல சாமி. மொளைச்சா பிரியாணிக்கு ஆச்சு."

பூஞ்சையை நிறுத்த ஜாமிலும் ஊறுகாயிலும் போடுகிற பதனப்பொருளைச் சேர்த்தாள். எந்த அளவுக்குச் சேர்த்தால் போதும் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு செமஸ்டர் கழிந்தது. அதற்குள் கல்லூரி நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது: முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காத விரிவுரையாளர்களுக்கு அடுத்த கல்வியாண்டு பணி ஆணை கிடையாது. அவள் ஏப்ரல் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதில் மனிதர்களிடம் செய்த சோதனை ஓர் அத்தியாயமாக இருக்க வேண்டும். மிச்சம் அத்தனையும் முடிந்திருந்தது.

அந்தச் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்ததும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். மாணவர்களை எடுக்கக் கூடாது என்று குழு சொல்லிவிட்டது. ஆசிரியர் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள் என்பது காரணம். அண்ணன்தான் கைகொடுத்தார். நாமக்கல்லில் அவருக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. வெல்டர்கள், தச்சர்கள், பெயிண்டர்கள் என்று ஆட்கள் இருந்தார்கள். புகையிலை போடாதவர்களாக, பல் வைத்தியம் நடக்காதவர்களாகப் பார்த்து எடுத்தோம். அவர்கள் வேலைக்கு முதலாளி அண்ணன்தான் என்பதால், சேர விருப்பமில்லாதவர்கள் என்னிடம் சொன்னால் போதும், முதலாளிக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொன்னேன். இரண்டு பேர் சொன்னார்கள். விட்டுவிட்டோம்.

சீட்டுக் குலுக்கி ஆட்களை இரண்டாகப் பிரித்தாள். பாதிப் பேருக்குக் கஷாயம். மீதிப் பேருக்கு அதே நிறம் ஊட்டி, அதே பதனப்பொருள் சேர்த்து, கொஞ்சம் கசப்பும் சேர்த்த தண்ணீர். கிராம்பு வாசனை மட்டும் அதில் இல்லை. கிராம்பும் கிருமியைக் கொல்லும் என்பதால் அதைச் சேர்க்க அவளுக்கு வழியில்லை. எல்லாம் ஒரே மாதிரிப் பழுப்பு பாட்டில், ஆளுக்கொரு எண். யாருக்கு எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். காலையில் வேலை தொடங்கும்முன் ஒரு தடவை, மதியம் சாப்பிட்டபின் ஒரு தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். தொடங்கும் அன்றும் முடியும் அன்றும் சின்னக் குழாயில் எச்சில் எடுப்போம். அந்த எச்சிலைத் தண்ணீரில் பல மடங்கு கரைத்துத் தட்டில் தடவினால் கிருமிகள் புள்ளி புள்ளியாக வளரும். புள்ளிகளை எண்ண வேண்டும். புள்ளி குறைந்தால் கிருமி குறைந்தது.

குழாய்களை மீன்காரர்கள் வைத்திருக்கிற மாதிரியான தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துவருவேன். ராசிபுரத்தில் டீக்கு நிறுத்திய இடத்தில் கடைக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மீனுங்களா? அயிரை இருந்தா சொல்லுங்க" என்றார். எச்சில் என்று சொன்னேன். அவர் டீ டம்ளரை இரண்டு தடவை கழுவினார்.

முடிவுகள் வந்த அன்று மனைவி கல்லூரியிலிருந்து நேரம் கழித்து வந்தாள். கஷாயம் கொப்பளித்தவர்களிடம் கிருமி குறைந்திருந்தது. வெறும் தண்ணீர் கொப்பளித்தவர்களிடமும் குறைந்திருந்தது, கிட்டத்தட்ட அதே அளவுக்கு. தட்டு மாறிவிட்டதா என்று எண்களைச் சரிபார்த்தாள். எண் சரியாக இருந்தது. பதனப்பொருள்தான் கொல்கிறதோ என்று அதைத் தனியாகத் தட்டில் விட்டுப் பார்த்தாள். அந்த அளவில் அது பல் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. சூடான பெட்டியையும் சந்தேகப்பட்டாள், என்னையும் சந்தேகப்பட்டாள். ஐஸ் கரைந்திருந்ததா என்று கேட்டாள். கரையவில்லை.

"பட்டறைக்குப் போலாம்" என்றாள். சோதனை முடிந்திருந்தாலும் பாட்டில்களில் மிச்சம் இருந்தது, ஆட்கள் தொடர்ந்து கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். பாதி கட்டிய லாரி பாடி ஒன்றின் அடியில் நிழல் இருந்தது. அதில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தூக்குப்போசிகளைத் திறந்திருந்தார்கள். யாரும் தன் தூக்குப்போசியிலிருந்து தான் மட்டும் சாப்பிடவில்லை. ஒருவர் வீட்டுப் பச்சைப்பயறுக் கடைசல் எல்லாத் தட்டுக்கும் போனது. இன்னொருவர் கொண்டுவந்த கருவாட்டுத் துண்டை அவர் எண்ணி எண்ணி உடைத்து ஆளுக்குக் கொஞ்சமாக வைத்தார். அவருக்கு மிஞ்சியது மிகச் சின்னது. அவர்கள் தினமும் சாப்பிடுகிற முறை அது. நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கும் அதில் ஒன்றும் தோன்றியதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் வெல்டர் ஒருவர் தன் பழுப்பு பாட்டிலை எடுத்தார். மூடியில் ஊற்றி வாயில் விட்டுக்கொண்டார். பிறகு பாட்டிலைப் பக்கத்தில் இருந்த பெயிண்டரிடம் கொடுத்தார். பெயிண்டர் தன் மூடியில் ஊற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார். பாட்டில் வட்டத்தைச் சுற்றி வந்தது. எல்லோரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஒரே நேரத்தில் எழுந்து போய் வேலியோரம் துப்பினார்கள்.

என் மனைவி வெல்டரிடம் போனாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்க பாட்டில் உங்களுக்கு மட்டுந்தான்னு சொல்லியிருந்தேனில்லீங்களா?"

"சொன்னீங்க மேடம். நல்லாவே சொன்னீங்க." அவர் வாயைத் துடைத்துக்கொண்டு பெயிண்டரைக் காட்டினார். "ஆனா இவனுக்குக் குடுத்ததுல சத்தே இல்லீங்க. மோந்து பாத்தா கிராம்பு வாசம் வரவே இல்ல. ஊட்டுல சண்டை போட்டுட்டு அனுப்பிச்ச சோறு மாதிரிச் சப்புனு இருந்துச்சு. எனக்கு மட்டும் நல்லதக் குடுத்துட்டு அவனுக்கு இப்படிக் குடுத்தா, அவன் முன்னாடி நான் எப்படிங்க கொப்பளிக்கறது?"

பெயிண்டர், "மேடம் மேல தப்பில்லீங்க. காய்ச்சறப்ப எங்க பாட்டலுக்குப் பத்தலையாட்ட இருக்குது" என்று சமாதானம் சொன்னார்.

"மொத நாள்லிருந்தே இப்படித்தானா?"

"ரண்டாவது நாள்லிருந்துங்க. மொத நாள் எல்லாரும் அவங்கவங்க பாட்டல்லதான் கொப்பளிச்சோம்."

பொய் சொல்லத் தெரியாத பதில். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. "சரிங்க" என்றாள். வண்டியில் ஏறியதும் கதவைச் சாத்திவிட்டு, "சோதனை போச்சு" என்றாள்.

அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஒரு பேராசிரியர், நல்லவர், ஓய்வுபெறும் வயது. அன்று மாலை போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"வெறும் தண்ணி குடுத்த குரூப்பை விட்டுரும்மா. கஷாயம் குடுத்தவங்களை மட்டும் எடு. முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு. குறைஞ்சிருக்கில்ல? அது உண்மைதானே. பொய் ஒண்ணும் எழுதல."

"இன்னொரு குரூப் இருந்துச்சுன்னு எழுத வேண்டாமா சார்?"

"கேட்டா சொல்லிக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க. ஏப்ரல் மறந்துடாத."

அவர் சொன்னதில் பொய் இல்லைதான். செய்தி அறையில் எனக்குப் பழக்கமான முறை அது: ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கும், விட்ட வரியில்தான் விஷயம் இருக்கும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை. நான் வேலைக்குக் கிளம்பினேன். திரும்பியபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

மறுநாள் காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, உன் பட்டறை ஆளுங்க பக்கத்துப் பட்டறையில போய்ச் சாப்பிடுவாங்களா?"

"சாப்பிடறதா? அவன் மூஞ்சிலயே முழிக்க மாட்டானுங்க. போன ஆடி மாசம் நம்ம பார்ட்டியை வண்டியோட இழுத்துட்டுப் போனவன் அவன்."

"அந்த ரோட்டுல அந்த மாதிரி ஒருத்தரோட ஒருத்தர் பேசாத பட்டறை எத்தனை இருக்கு?"

அண்ணன் சிரித்தார். "பேசற பட்டறை எத்தனைன்னு கேளு, சீக்கிரம் சொல்லிருவேன்."

அவள் கண்டுபிடித்தது எளிமையானது. அந்தப் பட்டறையில் ஓர் ஆள் என்பது தனி ஆள் கிடையாது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வட்டம்தான் ஓர் ஆள். அப்படியென்றால் சீட்டு ஆட்களுக்குக் குலுக்கக் கூடாது, வட்டங்களுக்குக் குலுக்க வேண்டும். ஒரு பட்டறை முழுக்க ஒரே தண்ணீர். அவர்கள் பாட்டிலை எப்படி வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளட்டும். பட்டறைகளுக்கு இடையில் இருக்கிற பகை, கலக்காமல் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இதற்குப் பட்டறைகள் நிறைய வேண்டும், நெறிமுறைக் குழுவிடம் மறுபடி போக வேண்டும். ஏப்ரலுக்குள் ஆகாது. பல்கலைக்கழகத்தில் கால நீட்டிப்புக் கேட்டு மனு கொடுத்தாள். அது கிடைத்தது. கல்லூரி நிர்வாகம் தன் சுற்றறிக்கையில் நின்றது. ஜூனில் துறையில் எல்லோருக்கும் பணி ஆணை வந்தது, அவளுக்கு வரவில்லை. மணிக்கணக்கில் வகுப்பெடுக்கும் கௌரவ விரிவுரையாளராக இருக்கச் சம்மதமா என்று முதல்வர் கேட்டார். சம்மதம் என்றாள். தட்டுகள் வளர்க்கிற சூடான பெட்டி அந்தக் கல்லூரியில்தான் இருந்தது. ஊழியர் அறையில் அவளுடைய மேசையைப் புதிதாக வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் சோதனைக்கூடத்தில் ஒரு ஸ்டூலில் தன் பையை வைத்துக்கொண்டாள். வீட்டில் அதைப் பற்றி ஒரு தடவைதான் பேசினாள். "ஸ்டூலுக்கு முதுகு இல்ல, அதான் வலிக்குது" என்றாள்.

இரண்டாவது சோதனை மழைக்காலம் முழுக்க நடந்தது. அண்ணனுக்குப் பிடிக்காத பட்டறைகளுக்கு நான் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் பெயரைச் சொல்லாமல் இருந்தால் கதவு திறந்தது. ஒரு முதலாளி மட்டும் எப்படியோ தெரிந்துகொண்டு, "அந்தாளு பட்டறைக்கும் இதே மருந்துங்களா? அவங்களுக்குக் குடுத்ததவிட எங்களுக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடுங்க" என்றார். சீட்டில் அவர் பட்டறைக்கு வெறும் தண்ணீர் விழுந்திருந்தது. சோதனை முடிந்தபின் எல்லாப் பட்டறைக்கும் கஷாயம் தருவோம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் மனசாட்சி உறுத்தவில்லை.

இந்த முறை வித்தியாசம் தெரிந்தது. கஷாயப் பட்டறைகளில் புள்ளிகள் குறைந்தன, வெறும் தண்ணீர்ப் பட்டறைகளில் பெரிதாக அசையவில்லை. ஆனால் முதல் சோதனையில் வழிகாட்டி எடுக்கச் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. அன்று குறைந்ததில் ஒரு பங்கு, எச்சில் கொடுக்க வேண்டுமே என்று ஆட்கள் அக்கறையாகப் பல் தேய்த்ததால் வந்திருக்கலாம் என்று அவள் எழுதினாள். கஷாயம் ஓரளவு வேலை செய்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் இளஞ்சிவப்பு மவுத்வாஷின் அளவுக்கு வேலை செய்யும் என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பதனப்பொருள் சேர்த்தாலும் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே அது நீண்ட நாள் தாங்குவதில்லை. தோற்றுப்போன முதல் சோதனையையும் தனி அத்தியாயமாக வைத்தாள். வழிகாட்டி படித்துவிட்டு, "இதை ஏன்மா வைக்கிறே" என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்த அத்தியாயத்தில்தான் விரலை வைத்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"தனி ஆட்களை விட்டுட்டுப் பட்டறைகளைக் குலுக்கியிருக்கீங்க. ஏன்?"

"அவங்க சேர்ந்து சாப்பிடறவங்க சார்."

அரங்கில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார். "அந்தக் காரணம் இங்க தெளிவா இல்ல. நீங்க இப்ப சொன்ன வாக்கியத்தை அப்படியே போடுங்க" என்றார். திருத்தமாக அவர் கேட்டது அது ஒன்றுதான்.

பட்டம் கிடைத்தது. பழைய கல்லூரி பணி ஆணை தருகிறோம் என்றது. பழைய பணிக்காலத்தைச் சேர்க்காமல் புதிதாகச் சேர்ந்தவராகத்தான் கணக்கிடுவோம் என்றும் சொன்னது. அவள் திருச்செங்கோட்டுப் பக்கம் வேறொரு கல்லூரிக்குப் போனாள். அங்கேயும் புதிதாகச் சேர்ந்தவள்தான். மேசை கொடுத்திருக்கிறார்கள்.

சொன்னபடி பாய்க்கு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளரை நிறுத்திவைத்து, நின்றபடி முழுக்கப் படித்தார்.

"'ஓரளவு'ன்னு போட்டிருக்கீங்களேம்மா."

"ஓரளவுதான் பாய்."

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துட முடியாதா? மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"முடியாதுங்க."

"படிகாரத்தை எடுத்தீங்க பாருங்க. அதான்." காகிதத்தை மடித்துக் கல்லாவுக்குள் வைத்தார். காத்திருந்தவருக்கு அதே பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கியவர் எப்படிக் கொப்பளிக்க வேண்டும் என்று கேட்டதற்கு என் மனைவி பதில் சொன்னாள்: அன்றன்றைக்குக் காய்ச்சணும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது.